கோபுரம் கண்டதும் காணாததும்

உயர்ந்த இடத்தில் நின்று உலகைக் காணும் ஆவல் மாந்தர்க்கு இயல்பானது. அவ்வாவலில் அரசர்கள் அரசியற் பயனும் கண்டனர். மதிலின்மேல் மாடம் அமைத்துப் பகைவர் வரும் திசையை நோக்கினர். துறைமுகத்தில் உயர்மாடம் எழுப்பி, அதன் உச்சியில் விளக்கேற்றி, இரவில் வரும் மரக்கலங்களுக்குக் கரை காட்டினர். பழந்தமிழ்க் கடற்கரையில் அத்தகைய விளக்குமாடம் இருந்தமையைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையால் அறிகிறோம். எனவே, உயர்ந்த கோபுரம் இருவகையில் பயன்படுகிறது எனலாம். ஒன்று, மேலே நிற்பவன் பிறரைக் காண்பதற்கு. மற்றொன்று, கீழே நிற்பவர் அதனைக் கண்டு வழியறிவதற்கு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. அதனை எனக்கு உணர்த்தியது ஜொகூர் மாநிலத்தில் மேற்கொண்ட ஒரு சாலைப் பயணம்.

மூவாரிலிருந்து தெற்கே

தமிழ் பயிலும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, மூவார் நகரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டோம். ஜொகூர் பாருவில் உள்ள புக்கிட் திம்பாலான் குன்றையும், அதன்மேல் நிற்கும் கோபுரத்தையும் காட்டுவது நோக்கம். புதிய நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் விரைவில் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆயினும் வேண்டுமென்றே பழைய சாலையைத் தேர்ந்தோம். பக்ரி, பாரிட் சூலோங், யோங் பெங், ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய், ஸ்கூடாய் என்று ஊர்களை ஒன்றோடொன்று கோத்துச் செல்லும் வழி அது. ஒரு காலத்தில் இருமருங்கும் இரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்ற நிலத்தில், இன்று பெரும்பாலும் செம்பனையே தலைவிரித்து நிற்கிறது.

பழைய வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1942 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் போர் நடந்து வந்த வழிகளுள் இதுவும் ஒன்று. 1941 டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, அடுத்த ஜனவரி 11 ஆம் நாள் கோலாலம்பூரில் நுழைந்தது. பின்னர்த் தெற்கு நோக்கித் திரும்பி, கிம்மாஸ் வழியாகவும் மூவார் வழியாகவும் ஜொகூரைத் தாக்கியது. மூவார் ஆற்றங்கரையைக் காத்து நின்றது 45 ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு. அதில் இருந்தோர் பயிற்சி முற்றுப்பெறாத இளைஞர்கள். இராஜபுத்தானத்திலிருந்தும் கார்வால் மலைநாட்டிலிருந்தும் வந்து, தாம் அறியாத ஒரு மண்ணில் நின்று, சில நாள்களுக்குள் சிதைந்துபோயினர்.

பாரிட் சூலோங்கில் வண்டியை நிறுத்தினோம். அமைதியான சிற்றூர், சிம்பாங் கிரி ஆற்றின்மீது ஒரு பாலம். பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் இந்தப் பாலத்தைக் கடக்க இயலாமல் தடைபட்டனர். நடக்க முடிந்தவர்கள் காட்டிலும் சதுப்பிலும் புகுந்து தப்பினர். நடக்க முடியாத காயமுற்றோரை விட்டுச்செல்ல நேர்ந்தது. அவ்வாறு விடப்பட்டவர்களுள் சுமார் 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் ஜனவரி 22 ஆம் நாள் கொல்லப்பட்டனர். அக்கொடுமைக்குப் பொறுப்பேற்கவேண்டிய ஜப்பானியத் தளபதி நிஷிமுரா, 1951 இல் தூக்கிலிடப்பட்டார். மாணவர்கள் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் யாரும் அதிகம் பேசவில்லை.

குன்றின்மேல் ஒரு கோபுரம்

பிற்பகலில் ஜொகூர் பாருவை அடைந்தோம். நகரத்தின் நடுவே, நீரிணையை நோக்கி எழுந்திருக்கும் சிறுகுன்று புக்கிட் திம்பாலான். அதன் உச்சியில் சுல்தான் இப்ராகிம் கட்டடம் அமைந்துள்ளது. பால்மர் டர்னர் என்னும் ஆங்கிலக் கட்டடக்கலை நிறுவனத்தார் வரைந்த அமைப்பின்படி எழுந்து, 1940 இல் நிறைவுற்றது. நடுவே நிற்கும் சதுரக் கோபுரம் ஏறத்தாழ 64 மீட்டர் உயரமுடையது. மாநில அரசின் தலைமைச் செயலகமாக இக்கட்டடம் நெடுங்காலம் விளங்கியது. 2009 ஆம் ஆண்டு கோத்தா இஸ்கண்டார் என்னும் புதிய நிருவாக மையம் திறக்கப்பட்ட பிறகு, அப்பணிகள் அங்குச் சென்றுவிட்டன.

இதனைக் கட்டுவித்த சுல்தான் இப்ராகிம் 1895 முதல் 1959 வரை அரசோச்சியவர். அவருடைய தந்தையார் சுல்தான் அபு பக்கார் காலத்தில், ஜொகூர் தன்னுரிமையைப் பெரிதும் பேணிக்கொண்டது. 1914 ஆம் ஆண்டில்தான் ஆங்கிலேயப் பொது ஆலோசகரை ஏற்கும் நிலை வந்தது. எனினும், தன் அரசின் பெருமையைக் கல்லில் எழுதிக்காட்ட வேண்டும் என்னும் விருப்பம் அம்மன்னருக்கு இருந்தது என்பதை இக்கோபுரம் சொல்லாமல் சொல்கிறது. அது எழுந்து நின்ற காலத்தில், நீரிணையின் எதிர்க்கரையிலிருந்த சிங்கப்பூரிலிருந்தும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

கோபுரத்தின் உச்சிக்கு ஏறும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை. குன்றின் சரிவில் நின்று நோக்கினோம். இன்று உயரமான கட்டடங்கள் இடையிடையே எழுந்து பார்வையை மறைக்கின்றன. ஆயினும் அவற்றின் இடைவெளியில் நீரிணையின் ஒரு துண்டு பளபளத்தது. அதன் அப்பால் சிங்கப்பூர். இந்த இடத்தில் நின்றபோது, இங்கு நிகழ்ந்த வரலாற்றை மாணவர்க்குச் சொல்லத் தொடங்கினேன்.

கண்ணாடி மாடத்துத் தளபதி

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். ஜப்பானியத் தளபதி யாமாஷித்தா சிங்கப்பூர்ப் போரை நடத்திய கோபுரம் புக்கிட் திம்பாலான் கோபுரமே என்று பலர் கருதுகின்றனர். இக்கட்டடத்தையும் ஜப்பானியர் பயன்படுத்தினர் என்பது உண்மை. ஆனால், தளபதி தம் தலைமையிடமாகக் கொண்டது, நகருக்கு மேற்கே நீரிணையை ஒட்டியுள்ள புக்கிட் செரீன் அரண்மனையை. அவ்வரண்மனைக்கும் ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம் உண்டு. அரச இல்லம் ஆதலால் அங்கே பொதுமக்கள் செல்லுதல் இயலாது. சாலையில் செல்வோர் தொலைவிலிருந்தே நோக்கலாம். குன்றின்மேல் நிற்பது ஒன்று, கரையோரம் நிற்பது மற்றொன்று. வரலாறு கற்பிப்போர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுதல் கூடாது.

1942 ஜனவரி 31 ஆம் நாள், எஞ்சியிருந்த பிரிட்டிஷ் தரப்புப் படைகள் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் சென்றன. கடைசிப் படையினர் கடந்ததும் வெடிமருந்து வைத்துப் பாலம் உடைக்கப்பட்டது. ஏறத்தாழ 70 அடி அகலத்துக்குப் பிளவு உண்டாயிற்று. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிநீர் கொண்டுசென்ற குழாயும் அதனோடு அறுந்தது. பகைவரைத் தடுக்க உடைத்த பாலம், தம் மக்களின் தண்ணீரையும் தடுத்தது.

அதன்பின் யாமாஷித்தா புக்கிட் செரீன் கோபுரத்தில் ஏறி அமர்ந்தார். சிங்கப்பூரின் வடகரை முழுதும் அவர் கண்முன் விரிந்தது. சுல்தானின் அரண்மனை ஆதலால் ஆங்கிலேயர் அதன்மீது குண்டு வீசமாட்டார் என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பொய்க்கவில்லை. கோபுரத்தில் ஆள் நடமாட்டத்தைக் கண்ட ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையினர்க்குச் சுட அனுமதி கிடைக்கவில்லை என்று போர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

எதிர்க்கரையில் இருந்த தளபதி பெர்சிவலுக்கோ அத்தகைய பார்வை வாய்க்கவில்லை. வானூர்திகள் குன்றிப்போனமையால் மேலிருந்து உளவு காண வழியில்லை. தாக்குதல் வடகிழக்கிலிருந்து வரும் என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்துவதுபோல், பிப்ரவரி 7 ஆம் நாள் ஜப்பானியக் காவற்படை உபின் தீவைப் பிடித்தது. அது கண்துடைப்பே. மறுநாள் இரவு, உண்மைத் தாக்குதல் வடமேற்கே சரிம்பூன் கரையில் நிகழ்ந்தது. பிப்ரவரி 15 ஆம் நாள், புக்கிட் தீமாவில் இருந்த போர்டு கார் தொழிற்சாலையில் பெர்சிவல் சரணடைந்தார். கோத்தா பாருவில் கரையிறங்கிய நாளிலிருந்து எழுபது நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

இவ்வளவும் கூறி முடித்தபோது, அதுவரை அமைதியாய்க் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, ஜப்பானியர் இருக்கிறார்கள், ஆங்கிலேயர் இருக்கிறார்கள், ஆஸ்திரேலியர் இருக்கிறார்கள். நம்மவர் இந்தக் கதையில் எங்கே இருக்கிறார்கள்?"

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. நான் சொன்ன வரலாறு முழுவதும் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்த வரலாறு. உச்சியில் நிற்பவன் கண்ணுக்குப் படகும் பீரங்கியும் பாலமும் தெரியும். பாலத்துக்குக் கல் சுமந்தவன் தெரியமாட்டான். அம்மாணவியின் வினாவுக்கு, அன்று மாலை சிறுகச் சிறுகச் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன்.

தஞ்சைக் கரையில் ஒரு மாடம்

முதலில் அவர்களைத் தமிழ்நாட்டுக்கு மனத்தால் அழைத்துச் சென்றேன். தஞ்சை மாவட்டக் கடற்கரையில், சேதுபாவாசத்திரத்துக்கு அருகே மனோரா என்னும் கோபுரம் நிற்கிறது. எட்டு அடுக்கு, அறுகோண அமைப்பு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-15 ஆம் ஆண்டுகளில் அதனை எழுப்பினார். தஞ்சை உழவன் நெப்போலியனைக் கண்டானா? ஆங்கிலேயர் வென்றதால் அவன் வயலில் ஒரு நெல்மணி கூடிற்றா? ஆயினும் அவன் நிலத்தில் அக்கோபுரம் எழுந்தது. 1799 இலேயே நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்ட மன்னர், அவர்தம் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாட வேண்டியவரானார்.

மனோராவிலிருந்து கரை வழியே வடக்கே சென்றால் நாகப்பட்டினம். மலாயாவுக்கு ஆள் ஏற்றிய துறைமுகங்களுள் அது தலையாயது. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையால் வெளியேறியோர் கங்காணியின் பின்னே வந்து கப்பல் ஏறினர். பிற்காலத்தில் இராஜுலா முதலிய கப்பல்கள் அவர்களைச் சுமந்தன. பினாங்கை அடைந்ததும், நோய் இல்லையென்று உறுதிப்படும்வரை ஜெரெஜாக் தீவில் அடைத்துவைக்கப்பட்டோர் பலர். ஒப்பந்தக்கூலி முறை 1910 இல் சட்டத்தால் நிறுத்தப்பட்ட பின்னரும், கங்காணி முறை தொடர்ந்தது. 1938 இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை, உதவிபெற்றுக் குடியேறும் கூலிகளின் வரவு நிற்கவில்லை.

ஆக, தஞ்சைக் கரையில் அயலார் வெற்றிக்கு ஒரு கோபுரம் எழுந்தது. அதே கரையிலிருந்து புறப்பட்ட மக்களின் துயரத்துக்கு ஒரு கல்லும் எழவில்லை. ஜொகூரிலும் நிலைமை பெரிதும் வேறன்று.

கல்லும் தண்டவாளமும்

ஜொகூர்ப் பாலத்தை இன்று நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடக்கின்றனர். அது தூண்கள்மேல் நிற்கும் பாலமன்று. கடலைக் கல்லால் நிரப்பி எழுப்பிய சாலை. 1919 இல் வேலை தொடங்கிற்று. 1923 இல் சரக்கு இரயில்கள் ஓடின. 1924 ஜூன் 28 ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டியெடுத்த கருங்கல் இலட்சக்கணக்கான கன கெஜ அளவில் கடலில் கொட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். பொறியாளர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் ஏடுகளில் உள. கல் கொட்டிய கைகளுக்குரியோர் பெயர் எங்கும் இல்லை.

அதற்கும் முன்னரே, கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில்பாதை 1909 இல் நிறைவுற்றது. மலாயாவெங்கும் இரயில்பாதை அமைத்த தொழிலாளருள் தமிழர் பெரும்பகுதியினர் என்பதை நாம் அறிவோம். காட்டை வெட்டி, மேட்டைத் தகர்த்து, சதுப்பை நிரப்பிச் சென்ற அப்பாதையில் காய்ச்சலுக்கும் நச்சுயிர்களுக்கும் இரையானோர் பலர். பாதை வந்தபின் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கூலாய், குளுவாங், சிகாமட் பகுதிகளில் தோட்டத்துக்குத் தோட்டம் லயங்கள் எழுந்தன. வைகறைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, பால்மரத்தின் அடியில் குனிந்து உழைத்தவர்களின் உழைப்பிலிருந்து பெற்ற வருவாயால்தான் மாநிலங்கள் வளமுற்றன, கட்டடங்கள் எழுந்தன. புக்கிட் திம்பாலான் கோபுரமும் அவ்வளமான காலத்தின் மகவே. அவ்வகையில் நம் முன்னோர் அதன் கண்ணுக்குத் தெரியாத அடித்தளம் என்று கூறுதல் மிகையாகாது.

யானைகளின் காலடியில்

சொந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு செயலைத் தொடங்குவது, குன்றின்மேல் ஏறி நின்று யானைப்போர் காண்பதை ஒக்கும் என்பது வள்ளுவர் உவமை. குன்றின்மேல் நிற்பவனுக்கு இடர் இல்லை. காட்சி மட்டுமே உண்டு. மலாய் மக்களிடையே வேறொரு பழமொழி வழங்குகிறது: யானையும் யானையும் போரிட, நடுவில் அகப்பட்டுச் சாவது சருகுமான். முன்னது குன்றின்மேல் இருப்பவன் நிலை. பின்னது குன்றின்கீழ் இருப்பவன் நிலை. 1942 இல் இவ்விரண்டும் ஜொகூரில் ஒருங்கே நிகழ்ந்தன.

போர் ஓய்ந்ததும் துன்பம் ஓயவில்லை. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனர்கள் கூட்டங்கூட்டமாகப் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். மேலைநாட்டுச் சந்தை அடைபட்டமையால், தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. துணியின்றிச் சாக்கை உடுத்த காலம் என்று முதியோர் அதனைச் சொல்லுவர்.

அந்நாளில் வந்தது சயாம் மரண இரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் அமைத்த பாதை அது. பணி 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் 60,000 பேருக்குமேல் அதில் ஈடுபடுத்தப்பட்டு, 12,000 பேருக்குமேல் மாண்டனர். அவர்கள் துயரத்தை உலகம் அறியும். நூல்களும் திரைப்படங்களும் அறிவித்தன. ஆனால், மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 75,000 பேருக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மலாய்க்காரரும் பிறரும் இருந்தனர். நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பலாம் என்ற ஆசைமொழி கேட்டுச் சென்றோர் சிலர். பிடித்துச் செல்லப்பட்டோர் பலர். சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினர். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சென்றோர் எந்தத் தண்டவாளத்தின்மேல் சென்றனர் என்று எண்ணிப்பாருங்கள். தமக்கு முந்திய தலைமுறையினர் இட்ட தண்டவாளமே அவர்களைச் சாவுக்குச் சுமந்தது.

போர்க்கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தனர், கட்டுப்பாடு இருந்தது, இறந்தோர் பெயரைக் குறித்துவைக்கும் அதிகாரிகள் இருந்தனர். தோட்டத் தொழிலாளர்க்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. 1943 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, குடிசை குடிசையாக மடிந்தனர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 உள்ளன. ஒவ்வொன்றும் சீராகப் பேணப்படுகிறது. தமிழ்த் தொழிலாளிக்குப் பெயர் பொறித்த அத்தகைய கல்லறைத் தோட்டம் இல்லை. எத்தனை பேர் மாண்டனர் என்பதிலும் கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது. எண்ணிக்கையே உறுதிப்படாத சாவு எத்துணைக் கொடிது!

துன்பம் மட்டுமே நம்மவர் பங்கு என்று கூறுதலும் முழுமையாகாது. 1942 பிப்ரவரி 17 ஆம் நாள் சிங்கப்பூர் பேரர் பார்க் திடலில், சரணடைந்த இந்தியப் படையினர் நாற்பதாயிரவர்க்கு மேல் கூடினர். அங்கிருந்து இந்திய தேசிய இராணுவம் உருவாயிற்று. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து தலைமை ஏற்றபின், மலாயாத் தமிழர் பெருந்திரளாக அதில் சேர்ந்தனர். தமிழகத்துக் கேப்டன் இலட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி இராணி படையில், தோட்டத்துப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். கிராணிக்கும் துரைக்கும் அஞ்சி ஒதுங்கி நின்றவர்கள், நிமிர்ந்து நடை பழகிய காலம் அது. அப்படையின் அரசியல் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், அந்நிமிர்வு பின்னாளில் தோட்டத் தொழிற்சங்கங்களில் தொடர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

குன்றின் கீழே மற்றொரு கோபுரம்

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டே புக்கிட் திம்பாலானிலிருந்து இறங்கினோம். குன்றுக்கு அருகிலேயே, உங்கு புவான் சாலையில் அருள்மிகு இராஜமாரியம்மன் கோயில் உள்ளது. 1911 ஆம் ஆண்டில் எழுந்த கோயில். கூத்தப்பெருமாள் வாண்டையார் என்னும் பெரியவர் முன்னின்று முயன்றார். சுல்தான் இப்ராகிம் நிலம் வழங்கினார். அந்நன்றிக்கு அறிகுறியாகவே மாரியம்மன் திருப்பெயருக்கு முன் 'இராஜ' என்னும் அடைமொழி சேர்ந்தது என்பர். செயலகக் கோபுரம் எழுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே, இக்குன்றின் நிழலில் தமிழர் தமக்கென ஓர் இடம் பெற்றுவிட்டனர்.

வண்ணச் சிற்பங்கள் நிறைந்த கோபுரத்தை மாணவர்கள் அண்ணாந்து பார்த்தனர். இக்கோபுரத்தில் ஏறி நின்று யாரும் எவரையும் வேவு பார்ப்பதில்லை. தொலைவில் வருவோன் இதனைக் கண்டு, 'இங்கே நம்மவர் இருக்கின்றனர்' என்று அறிகிறான். பழந்தமிழ்க் கடற்கரையின் விளக்குமாடம் செய்த வேலையும் இதுவே. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மொழி அறியாத நாட்டில் இறங்கி, இரயிலடியிலிருந்து மூட்டையோடு நடந்து வந்தவன் கண்ணில் முதலில் பட்டது இதுபோன்ற ஒரு கோயிலாக இருந்திருப்பின், அவன் நெஞ்சு எவ்வளவு ஆறியிருக்கும்!

முன்னர் வினாத் தொடுத்த மாணவி அங்கே மீண்டும் பேசினாள். தன் பாட்டனாரின் தந்தையார் சயாமுக்குச் சென்று திரும்பவில்லை என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறாளாம். பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. "பாட்டிக்குத் தெரியும் ஐயா, நான்தான் கேட்டதில்லை" என்றாள். அச்சொல் அன்று முழுவதும் என் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஆசிரியர் கடன்

அன்புடைய தமிழாசிரியர்களே, மாணவ மணிகளே! அம்மாணவியின் நிலையே இன்று நம்மில் பலருடைய நிலை. போரைக் கண்ணால் கண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்துச் சுடுகாடுகள் புதர் மூடிக் கிடக்கின்றன. சில வீடமைப்புத் திட்டங்களுக்கு அடியில் போயின. பெயரை அறிந்த கடைசிப் பாட்டியும் மறைந்தபின், நாம் யாரைக் கேட்போம்?

இத்துறையில் நம் எழுத்தாளர்கள் முன்னோடிகளாய் நின்றனர். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், வரலாற்று நூல்கள் விட்டுச்சென்ற இடத்தை இலக்கியத்தால் நிரப்ப முயன்றவை. ஆனால், கதைமாந்தர்க்கு ஆசிரியர் பெயர் இடலாம். உண்மையில் வாழ்ந்து மடிந்தோர்க்கு அவர்தம் வழித்தோன்றல்களே பெயர் சொல்லவேண்டும்.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதட்டும்: முதலில் வந்தவர் பெயர், தமிழ்நாட்டில் அவர் ஊர், இங்கே அவர் உழைத்த தோட்டம், ஜப்பானியர் காலத்தில் குடும்பத்துக்கு நேர்ந்தது, இறந்தோர் அடங்கிய இடம். ஆசிரியர் அதனைத் திருத்திப் பள்ளியில் ஒரு கட்டாகக் காத்துவைக்கட்டும். தோட்டத்துக் கோயிலின் கல்வெட்டு, பழைய பெயர்ப்பதிவேடு, சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு ஆகியவை கிடைப்பின் படியெடுத்துச் சேர்க்கட்டும். அரசர்க்கும் தளபதிக்கும் கல் சான்றாக நிற்கிறது. ஏழைக்கு ஏடே சான்று. அந்த ஏட்டை எழுதுகோல் பிடித்தோர் எழுதாவிட்டால் வேறு எவர் எழுதுவர்?

இரவு வண்டியேறித் திரும்பும்போது, புக்கிட் திம்பாலான் கோபுரம் விளக்கொளியில் நின்றது. அதனை வெறுக்க எனக்குக் காரணம் இல்லை. அது இந்நாட்டின் செல்வம், நமக்கும் உரியது. மாணவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அதன் வரலாற்றையும் பிழையின்றிக் கூறுங்கள். பின்னர்க் குன்றைவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். கோபுரம் கண்டதைச் சொல்ல நூல்கள் பல உள்ளன. அது காணாததைச் சொல்ல நம் வீட்டுத் திண்ணையில் ஒரு முதியவர் காத்திருக்கிறார்.

அம்மாணவி மறுவாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். அதில் ஒரு பெயரும், ஒரு தோட்டத்தின் பெயரும் எழுதப்பட்டிருந்தன.